சர்வ்லெட் யூஆர்எல் மேப்பிங்: எந்த முகவரி எந்த சர்வ்லெட்டுக்குப் போகும்?

ஜாவா வெப் அப்ளிகேஷனைக் கட்டிவைத்த வார் ஃபைல் சர்வரில் ஏறிவிட்டது, லாக்கில் சிவப்பாக எதுவும் இல்லை, ஆனாலும் பிரவுசரில் 404, அதாவது பக்கம் கிடைக்கவில்லை. இந்த நிலையில் சர்வ்லெட்டின், அதாவது ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸின், உள்ளே புகுந்து கோட் வரிகளைத் தோண்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ரிக்வெஸ்ட் அந்த கிளாஸுக்கு வந்தே சேரவில்லை. வரும் முகவரியை எந்த சர்வ்லெட்டிடம் கொடுப்பது என்று முடிவெடுப்பது கன்டெய்னர், அதாவது சர்வ்லெட்டுகளை இயக்கும் சர்வர். அது பின்பற்றும் விதிகள் சர்வ்லெட் ஸ்பெசிஃபிகேஷனில் ஒரு சின்ன அத்தியாயம்தான். ஆனால் அந்த பேட்டர்ன்கள் பார்ப்பதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் மாதிரி இருப்பதால், படிக்காமலே புரிந்துவிட்டதாக நினைத்துப் பலரும் ஊகத்தில் எழுதிவிடுகிறார்கள். குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கீழே வரும் எடுத்துக்காட்டுகள் டாம்கேட்டை வைத்து எழுதியவை. விதிகள் ஜெட்டி, அண்டர்டோ போன்ற மற்ற கன்டெய்னர்களுக்கும் அதேதான். கிளாஸ், மெத்தட், டேக் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கோப்பில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள். பாத் பெயர்களை மட்டும் படிக்க வசதியாகத் தமிழ்ச் சொற்களாக வைத்திருக்கிறேன்.

படி 1: முகவரியை மூன்றாக வெட்டுங்கள்

ஒரு நூலக அப்ளிகேஷன் என்று வைத்துக்கொள்வோம். பிரவுசரில் வரும் பாத் இது:

/நூலகம்/நூல்/42/மதிப்புரை

கன்டெய்னர் இதை மூன்று துண்டாகப் பார்க்கிறது. /நூலகம் என்பது கன்டெக்ஸ்ட் பாத். சர்வ்லெட்டை /நூல்/* என்று மேப் செய்திருந்தால், /நூல் என்பது சர்வ்லெட் பாத். மிச்சமிருக்கும் /42/மதிப்புரை என்பது பாத் இன்ஃபோ. கோடில் கெட்கன்டெக்ஸ்ட்பாத், கெட்சர்வ்லெட்பாத், கெட்பாத்இன்ஃபோ என்ற மூன்று மெத்தடுகளும் இந்த மூன்று துண்டுகளைத் திருப்பித் தரும். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் குவெரி ஸ்ட்ரிங்குக்கு மேப்பிங்கில் எந்தப் பங்கும் இல்லை. பேட்டர்னில் அதை எழுதி ஒப்பிட வழியே கிடையாது.

இன்னொரு சின்ன விஷயம்: பாத் இன்ஃபோவும் சர்வ்லெட் பாத்தும் டீகோட் ஆகி வரும், கெட்ரிக்வெஸ்ட்யூஆர்ஐ தருவது டீகோட் ஆகாத மூலம். இரண்டையும் அப்படியே ஒட்டி ஒப்பிட்டால் இடைவெளியோ தமிழ் எழுத்தோ உள்ள முகவரியில் பொருந்தாமல் போகும்.

பேட்டர்ன் எழுதும்போது கன்டெக்ஸ்ட் பாத்தைச் சேர்க்கவே கூடாது. /நூலகம்/நூல்/* என்று எழுதினால் அந்த சர்வ்லெட் /நூலகம்/நூலகம்/நூல்/... என்ற முகவரிக்குத்தான் விழித்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கன்டெக்ஸ்ட் பாத் எங்கிருந்து வருகிறது? டாம்கேட்டில் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போடும் வார் கோப்பின் பெயரிலிருந்து. நூலகம்.வார் என்றால் /நூலகம். ரூட்.வார் என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயர் வைத்தால் கன்டெக்ஸ்ட் பாத் வெறுமை. அப்ளிகேஷன் நேரடியாக டொமைனின் அடியிலேயே வந்து உட்காரும். பெயரில் ஒற்றை # குறி வந்தால் அது / ஆக மாறும்: கிளை#நூலகம்.வார் என்பது /கிளை/நூலகம். இரட்டை ## போட்டால் அதற்குப் பின்னால் வருவது வெர்ஷன் எண், பாத்தில் சேராது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு எல்லா இடத்திலும் பார்க்கப்படும்.

படி 2: எழுதத் தொடங்கும் முன் வெர்ஷனைப் பாருங்கள்

இதைத் தவறவிட்டால் மேப்பிங் நூறு சதவீதம் சரியாக இருந்தும் வேலை செய்யாது. 2020-இல் வந்த சர்வ்லெட் 5.0-இல் பேக்கேஜ் பெயர் ஜாவாஎக்ஸ்-இலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறியது. டாம்கேட் 9 வரை ஜாவாஎக்ஸ். டாம்கேட் 10 முதல் ஜகார்த்தா. பழைய இம்போர்ட்டுடன் கம்பைல் ஆன வார் கோப்பை டாம்கேட் 10-இல் போட்டால், அதில் கிளாஸின் தலையில் எழுதியிருக்கும் வெப்சர்வ்லெட் அனோட்டேஷனை (படி 3-இல் வருகிறது) கன்டெய்னர் கண்டுகொள்ளாது. அதன் பார்வையில் அது முன்பின் தெரியாத அனோட்டேஷன். பிழைச் செய்தி எதுவும் வராமல் 404 மட்டும் வரும். இம்போர்ட்டுகளை மாற்றிக் கம்பைல் செய்வதுதான் முறை. அவசரத்துக்கு, டாம்கேட் 10-இல் வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதில் பழைய வார் கோப்பைப் போட்டால், அதுவே மாற்றிக்கொள்ளும்.

படி 3: மேப்பிங்கை எழுதுங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன.

பழையது வெப்.எக்ஸ்எம்எல். வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கும் அந்தக் கோப்பில் இரண்டு பகுதிகள் எழுத வேண்டும். சர்வ்லெட் டேக்குக்குள் சர்வ்லெட்-நேம், சர்வ்லெட்-கிளாஸ் இரண்டும் வரும். கிளாஸ் பெயரை பேக்கேஜோடு முழுதாகக் கொடுங்கள். பிறகு சர்வ்லெட்-மேப்பிங் டேக்குக்குள் அதே சர்வ்லெட்-நேம், அதன் கீழ் யூஆர்எல்-பேட்டர்ன். இரண்டு பகுதிகளையும் இணைப்பது அந்தப் பெயர் மட்டுமே. அதில் ஓர் எழுத்து மாறினாலும் டிப்ளாய்மென்ட் நின்றுவிடும். ஒரே மேப்பிங் டேக்குக்குள் பல யூஆர்எல்-பேட்டர்ன் எழுதும் வசதி சர்வ்லெட் 2.5-இல் வந்தது.

இரண்டாவது, 2009-இல் சர்வ்லெட் 3.0 கொண்டுவந்த அனோட்டேஷன். கிளாஸின் தலையில் @வெப்சர்வ்லெட்("/நூல்/*") என்று ஒரே வரி, அவ்வளவுதான். பல பேட்டர்ன் வேண்டுமானால் நெளி அடைப்புக்குள் காற்புள்ளி இட்டு அடுக்கலாம். வேல்யூ, யூஆர்எல்பேட்டர்ன்ஸ் இரண்டு அட்ரிபியூட்டுகளில் ஏதாவது ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, கோட் மூலமாக. ஸ்டார்ட்அப்பில் ஓடும் லிசனர் ஒன்றில் சர்வ்லெட்கன்டெக்ஸ்டின் ஆட்சர்வ்லெட்டை அழைத்து, அது திருப்பித் தரும் பொருளில் ஆட்மேப்பிங் கொடுக்க வேண்டும். ஃபிரேம்வொர்க் எழுதுகிறவர்களுக்கு இது அதிகம் பயன்படும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் கேட்ட பேட்டர்ன் ஏற்கெனவே வேறொரு சர்வ்லெட்டிடம் இருந்தால் ஆட்மேப்பிங் எக்ஸெப்ஷன் எறியாது. மோதும் பேட்டர்ன்களை ஒரு செட்டாகத் திருப்பித் தந்துவிட்டு, எதையுமே மேப் செய்யாமல் விட்டுவிடும். அந்த செட் வெறுமையா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

எது நல்லது? சர்வ்லெட்டுகளுக்கு அனோட்டேஷன், ஃபில்டர்களுக்கு (சர்வ்லெட்டுக்கு முன்னால் ரிக்வெஸ்டைப் பார்க்கும் கிளாஸ்கள்) வெப்.எக்ஸ்எம்எல் என்று பிரித்து வைப்பதே என் பழக்கம். காரணம் ஃபில்டர் பகுதியில் வருகிறது. இரண்டையும் கலக்கும்போது ஒரு விதியை நினைவில் வையுங்கள்: ஒரே சர்வ்லெட் பெயருக்கு இரண்டு இடத்திலும் பேட்டர்ன் இருந்தால், வெப்.எக்ஸ்எம்எல்-இல் உள்ளதுதான் செல்லும். அனோட்டேஷனில் இருப்பது அதோடு சேராது, மறைந்துபோகும். அனோட்டேஷனில் பெயர் கொடுக்காவிட்டால் கிளாஸின் முழுப்பெயரே சர்வ்லெட்டின் பெயர். ஆகவே வெப்.எக்ஸ்எம்எல்-இல் நீங்கள் வைத்த சின்னப் பெயரோடு அது ஒத்துப்போகாது. கன்டெய்னர் இரண்டு தனித்தனி சர்வ்லெட் என்று எடுத்துக்கொள்ளும். மேலும், வெப்-ஆப் டேக்கில் மெட்டாடேட்டா-கம்ப்ளீட் என்ற அட்ரிபியூட்டுக்கு ட்ரூ கொடுத்திருந்தால் அனோட்டேஷன்களை கன்டெய்னர் தேடவே தேடாது. யாரோ எப்போதோ உருவாக்கிய வெப்.எக்ஸ்எம்எல்-ஐ நகலெடுத்துக் கொண்டுவந்தவர்கள் இந்த அட்ரிபியூட்டை முதலில் பார்க்கட்டும்.

படி 4: பேட்டர்னின் ஐந்து வடிவங்கள்

மொத்தமே ஐந்துதான். இதற்கு வெளியே எதுவும் இல்லை.

/நூல்/புதியவை என்று நட்சத்திரம் இல்லாமல் எழுதினால் அச்சு அசலான பொருத்தம். அதே பாத் வந்தால்தான் பொருந்தும்.

/நூல்/* என்று சாய்கோடும் நட்சத்திரமுமாக முடிந்தால் பாத் பொருத்தம். /நூல், /நூல்/, /நூல்/42 மூன்றும் பொருந்தும். /நூல்கள் பொருந்தாது, ஏனென்றால் ஒப்பீடு எழுத்து எழுத்தாக நடப்பதில்லை. சாய்கோட்டுக்குச் சாய்கோடு நடக்கிறது.

*.டூ என்று நட்சத்திரம் புள்ளியுடன் தொடங்கினால் எக்ஸ்டென்ஷன் பொருத்தம். பாத்தின் கடைசித் துண்டில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவதை மட்டும் பார்க்கும். இதில் பாத் இன்ஃபோ கிடையாது, கெட்பாத்இன்ஃபோ 'நல்' (மதிப்பு இல்லை) என்று தரும்.

வெறும் / என்றால் டிஃபால்ட் சர்வ்லெட். வேறு யாருமே எடுத்துக்கொள்ளாத ரிக்வெஸ்ட் இதற்கு வரும்.

கடைசியாக வெற்று ஸ்ட்ரிங், அதாவது மேற்கோள் குறிகளுக்குள் ஒன்றுமே இல்லாதது. இது கன்டெக்ஸ்டின் வேருக்கு மட்டும், /நூலகம்/ என்ற ஒரே முகவரிக்கு. முகப்புப் பக்கத்தை மட்டும் ஒரு சர்வ்லெட் கையாள வேண்டும், மற்றதை அது தொடக்கூடாது என்றால் இதுதான் வழி. சர்வ்லெட் 3.0-இல் வந்தும் ஏனோ அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை.

இந்த ஐந்தில் சேராததை எழுதினால் என்ன ஆகும்? அது எழுதும் விதத்தைப் பொறுத்தது. /நூல்/*.டூ என்று இரண்டையும் கலந்தால் டாம்கேட் ஏற்காது. பேட்டர்ன் செல்லாது என்று சொல்லி அப்ளிகேஷனையே ஏற்ற மறுத்துவிடும். முன்னால் சாய்கோடு போடாமல் நூல் என்று மட்டும் எழுதினாலும் அதே கதி. இவை பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். தொல்லை தருவது /நூல்* மாதிரியானவை. சாய்கோடு இல்லாமல் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வைல்ட்கார்டே அல்ல. நட்சத்திரக் குறியையும் சேர்த்து அப்படியே தட்டிய முகவரிக்கு மட்டும் பொருந்தும். டாம்கேட் லாக்கில் சந்தேகத்துக்குரிய பேட்டர்ன் என்று ஒரு தகவல் வரி விழும். ஸ்டார்ட்அப் லாக்கின் நடுவே அதை யாரும் படிப்பதில்லை.

படி 5: எது ஜெயிக்கும்?

வெப்.எக்ஸ்எம்எல்-இல் எதை மேலே எழுதினீர்கள், எதைக் கீழே எழுதினீர்கள் என்பதற்கு சர்வ்லெட் மேப்பிங்கில் எந்த மதிப்பும் இல்லை. கன்டெய்னர் எப்போதும் இந்த வரிசையில்தான் பார்க்கும்: முதலில் அச்சு அசல் பொருத்தம், அது இல்லையென்றால் பாத் பொருத்தங்களில் மிக நீளமானது, அதுவும் இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன், கடைசியாக டிஃபால்ட். முதலில் கிடைத்ததோடு தேடல் முடிந்தது. ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரே சர்வ்லெட்.

இந்த ஐந்து மேப்பிங்குகள் இருப்பதாகக் கொள்வோம்: /நூல்/*, /நூல்/கதை/*, /நூல்/புதியவை, *.ஜேசன், /.

/நூல்/புதியவை என்று வந்தால் அச்சு அசல் சர்வ்லெட் எடுத்துக்கொள்ளும். அதே முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு கூடி /நூல்/புதியவை/ என்று வந்தால்? அச்சு அசல் பொருந்தாது, /நூல்/* எடுத்துக்கொண்டுவிடும். ஒரே பக்கம் சில சமயம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று வரும் புகார்களில் இந்தச் சாய்கோடு ஒளிந்திருக்கும். /நூல்/கதை என்று வந்தால் நீளமான /நூல்/கதை/* ஜெயிக்கும். /நூல்/கதைகள் என்றால் மறுபடியும் /நூல்/*.

இப்போது /நூல்/பட்டியல்.ஜேசன். இதை *.ஜேசன் பிடிக்கும் என்றுதான் முதலில் தோன்றும். பிடிக்காது. பாத் பொருத்தம் எக்ஸ்டென்ஷனுக்கு முந்தியது, எனவே /நூல்/* சர்வ்லெட்டுக்கே போகும். வெளியே இருக்கும் /பட்டியல்.ஜேசன் மட்டும்தான் எக்ஸ்டென்ஷன் சர்வ்லெட்டைச் சேரும். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த படி தானாக விளங்கும்.

இரண்டு சர்வ்லெட்டுகளுக்கு ஒரே பேட்டர்ன் கொடுத்தால் கன்டெய்னர் தேர்வெல்லாம் செய்யாது. டாம்கேட் இரண்டின் பெயரையும் சொல்லி, இது அனுமதியில்லை என்று அப்ளிகேஷனை ஏற்றாமல் நிறுத்திவிடும். ஒரு கிளாஸை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றி, தலையிலுள்ள அனோட்டேஷனை மாற்ற மறந்தால் இது வரும்.

படி 6: / வேறு, /* வேறு

இணையத்தில் பாதிப் பேர் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். இரண்டுக்கும் அர்த்தம் எதிரெதிர். / என்றால் மற்ற எல்லோரும் விட்டது எனக்கு. /* என்றால் அச்சு அசலாகவோ நீளமான பாத்தாகவோ வராத எல்லாமே எனக்கு, எக்ஸ்டென்ஷன் உட்பட.

/* வைத்த சர்வ்லெட்டில் என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பார்ப்போம். அது டேட்டாவைச் சேகரித்துவிட்டு, பக்கத்தைக் காட்ட /வெப்-இன்ஃப்/பட்டியல்.ஜேஎஸ்பி என்ற பக்க வார்ப்புக் கோப்புக்கு ஃபார்வர்ட் செய்கிறது, அதாவது சர்வருக்குள்ளேயே ரிக்வெஸ்டைக் கைமாற்றுகிறது. ஃபார்வர்ட் என்பதும் கன்டெய்னருக்கு ஒரு முகவரிதான். மேப்பிங் தேடல் மறுபடி நடக்கும். ஜேஎஸ்பி கோப்புகளை இயக்கும் சர்வ்லெட்டை டாம்கேட் தன் பொது வெப்.எக்ஸ்எம்எல்-இல் *.ஜேஎஸ்பி என்று எக்ஸ்டென்ஷனாக மேப் செய்திருக்கிறது. ஆனால் உங்கள் /* பாத் பொருத்தம் ஆயிற்றே, அது முந்திக்கொள்ளும். ரிக்வெஸ்ட் திரும்ப உங்கள் சர்வ்லெட்டுக்கே வரும், அது மறுபடி ஃபார்வர்ட் செய்யும், கடைசியில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கின் டிஸ்பேச்சர்சர்வ்லெட்டை /* என்று போட்டவர்களுக்கு இதே கோளாறு வேறு முகத்துடன் வரும்: ஜேஎஸ்பி பாத்துக்கு ஹேண்ட்லர் இல்லை என்று 404. பேட்டர்னை / என்று மாற்றினால் தீர்ந்தது. வெல்கம் ஃபைல் பட்டியலும் /* இருக்கும்போது வேலை செய்யாது, வேருக்கு வரும் ரிக்வெஸ்டையும் அதுவே விழுங்கிவிடுவதால்.

சரி, / போட்டாகிவிட்டது. இப்போது பக்கம் வருகிறது, ஆனால் சிஎஸ்எஸ் இல்லாமல் மொட்டையாக வருகிறது. ஏனென்றால் படங்கள், ஸ்டைல்ஷீட்டுகள் போன்ற ஸ்டாட்டிக் கோப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தது டாம்கேட்டின் சொந்த டிஃபால்ட் சர்வ்லெட். அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். ஆனால் அது எங்கும் போய்விடவில்லை, டிஃபால்ட் என்ற அதே பெயரில் இருக்கிறது. உங்கள் வெப்.எக்ஸ்எம்எல்-இல் அந்தப் பெயருக்கு ஒரு சர்வ்லெட்-மேப்பிங் எழுதி /அசெட்ஸ்/* என்று பேட்டர்ன் கொடுங்கள். சர்வ்லெட் டேக்கை மறுபடி எழுத வேண்டாம், மேப்பிங் மட்டும் போதும். ஸ்டாட்டிக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் வைத்திருந்தால் இது ஒரு வரி வேலை. சிதறி வைத்திருந்தால் *.சிஎஸ்எஸ், *.பிஎன்ஜி என்று ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனாக எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்பிரிங் பயன்படுத்துகிறவர்களுக்கு இதற்கென்றே டிஃபால்ட் சர்வ்லெட் ஹேண்ட்லர் அமைப்பு இருக்கிறது.

படி 7: ஃபில்டரும் பாதுகாப்பும்

பேட்டர்ன் எழுதும் முறை அதேதான், விதி வேறு. சர்வ்லெட்டில் ஒருவர்தான் ஜெயிப்பார். ஃபில்டரில் பொருந்துகிற எல்லாமே ஓடும். இங்கே /* போடுவது சரியான வழக்கம். ஓடும் வரிசை: யூஆர்எல்-பேட்டர்ன் வழியாகப் பொருந்தியவை முதலில், வெப்.எக்ஸ்எம்எல்-இல் எழுதிய வரிசைப்படி. அதன் பிறகு சர்வ்லெட்-நேம் வழியாகப் பொருந்தியவை. அனோட்டேஷனால் அறிவித்த ஃபில்டர்களுக்கு ஸ்பெசிஃபிகேஷன் எந்த வரிசையும் சொல்லவில்லை. லாகின் சோதிக்கும் ஃபில்டர் முன்னா, லாக் எழுதும் ஃபில்டர் முன்னா என்பது முக்கியமாக இருக்கும் இடத்தில் வெப்.எக்ஸ்எம்எல்தான் நம்பகமானது. வெளியிலிருந்து வரும் ரிக்வெஸ்டுக்கு மட்டும்தான் ஃபில்டர் ஓடும் என்பது இயல்புநிலை. ஃபார்வர்டுக்கும் எரர் பக்கத்துக்கும் ஓட வேண்டுமானால் டிஸ்பேச்சர் டேக்கில் அதைச் சொல்ல வேண்டும்.

முகவரிகளுக்குப் பூட்டு போடும் செக்யூரிட்டி-கன்ஸ்ட்ரெயின்ட் டேக்கில் கவனம் இன்னும் அதிகம் தேவை. பூட்டு போடுவது முகவரிக்கு, சர்வ்லெட்டுக்கு அல்ல. /நிர்வாகம்/* என்று பூட்டியிருக்கிறீர்கள்; அதே சர்வ்லெட் *.டூ வழியாகவும் திறந்திருக்கிறது என்றால், /எதையாவது.டூ என்று தட்டி எவரும் உள்ளே வந்துவிடலாம். முக்கியமான சர்வ்லெட் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேட்டர்ன் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, தேவையற்றதை எடுத்துவிடுங்கள். கன்ஸ்ட்ரெயின்டில் கெட், போஸ்ட் என்று ஹெச்டிடிபி மெத்தடுகளை மட்டும் பட்டியலிட்டால் மற்ற மெத்தடுகள் பூட்டில்லாமல் நிற்கும். 2013-இல் சர்வ்லெட் 3.1 இதற்காகவே டினை-அன்கவர்டு-ஹெச்டிடிபி-மெத்தட்ஸ் என்று ஒரு டேக் கொண்டுவந்தது.

படி 8: லிங்க், ரீடைரக்ட், ப்ராக்ஸி

ஃபார்வர்டில் / என்று தொடங்கும் பாத்துக்கு வேர், உங்கள் அப்ளிகேஷன். பிரவுசரை வேறு முகவரிக்குத் திருப்பும் சென்ட்ரீடைரக்டில் / என்று தொடங்கினால் வேர், சர்வர் முழுவதும். ஆகவே ரீடைரக்டில் கெட்கன்டெக்ஸ்ட்பாத்தை முன்னால் சேர்க்க வேண்டும், ஃபார்வர்டில் சேர்க்கக் கூடாது. ரூட்.வார் ஆக வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. கன்டெக்ஸ்ட் பாத் வெறுமை என்பதால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். வேறு பெயரில் ஏற்றும் நாளில் லிங்க் எல்லாம் ஒரே நேரத்தில் உடையும்.

ரிக்வெஸ்டை வாங்கி டாம்கேட்டுக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் போன்ற ப்ராக்ஸி முன்னால் இருந்தால், வெளியே தெரியும் பாத்தும் உள்ளே இருக்கும் கன்டெக்ஸ்ட் பாத்தும் ஒன்றாகவே இருக்கட்டும். ப்ராக்ஸி /நூலகம் என்பதை வெட்டிவிட்டு அனுப்புவதோ சேர்த்து அனுப்புவதோ அழகாகத் தோன்றலாம். ஆனால் அப்ளிகேஷன் அனுப்பும் ரீடைரக்ட் தன் சொந்த கன்டெக்ஸ்ட் பாத்தைத்தான் சொல்லும். செஷன் குக்கியின் பாத்தும் அப்படித்தான். அது பொருந்தாவிட்டால் பிரவுசர் குக்கியைத் திருப்பி அனுப்பாது. லாகின் செய்த மறுகணமே லாகின் பக்கம் மறுபடி வந்து நிற்கும்.

பாத் இன்ஃபோவில் ஐடி அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐடிக்குள்ளேயே சாய்கோடு இருந்து அதை %2எஃப் என்று என்கோட் செய்து அனுப்பினால், டாம்கேட் இயல்பாகவே 400 சொல்லித் திருப்பிவிடும். கன்ஃபிகில் அதைத் தளர்த்த வழி உண்டு. அதைவிட அந்த மதிப்பை குவெரி பேராமீட்டராக மாற்றிவிடுவது நிம்மதி.

படி 9: சரிபார்ப்பது எப்படி

ஸ்டார்ட்அப்பில் ஓடும் லிசனரில் கெட்சர்வ்லெட்ரெஜிஸ்ட்ரேஷன்ஸ் மெத்தடை அழைத்து, ஒவ்வொரு சர்வ்லெட்டின் பெயரையும் அதன் கெட்மேப்பிங்ஸையும் லாக்கில் எழுதுங்கள். நீங்கள் எழுதியதாக நினைப்பது எது, கன்டெய்னர் புரிந்துகொண்டது எது என்பது பக்கத்தில் பக்கத்தில் தெரியும். வெப்.எக்ஸ்எம்எல், அனோட்டேஷன், ஜார் கோப்புகளுக்குள்ளிருந்து வந்தவை எல்லாம் கலந்த இறுதிப் பட்டியல் அது.

அடுத்து, ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும். 2017-இல் வந்த சர்வ்லெட் 4.0-இல் ரிக்வெஸ்ட் பொருளுக்கு கெட்ஹெச்டிடிபிசர்வ்லெட்மேப்பிங் என்று ஒரு மெத்தட் கிடைத்தது. எந்த சர்வ்லெட், எந்த பேட்டர்ன், ஐந்து வகையில் எந்த வகைப் பொருத்தம் என்று அதுவே சொல்லிவிடும். /* போட்ட ஒரு ஃபில்டரில் இந்த மூன்றையும் அச்சிட்டால், ஊகிக்க எதுவும் மிஞ்சாது. சோதிக்கும்போது பிரவுசரைவிட, கமாண்ட் லைனிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் நல்லது. பிரவுசர் பழைய ரீடைரக்டை நினைவில் வைத்துக்கொண்டு நீங்கள் திருத்தியதையே காட்டாமல் ஏமாற்றும்.

ஸ்டேட்டஸ் கோடே பாதி விடை சொல்லும். ஒரு முகவரி மட்டும் 404 என்றால் பேட்டர்னைப் பாருங்கள். அப்ளிகேஷனின் எல்லா முகவரியும், ஸ்டாட்டிக் கோப்பு உட்பட, 404 என்றால் பேட்டர்னைத் தேட வேண்டாம். கன்டெக்ஸ்டே ஏறவில்லை, அல்லது கன்டெக்ஸ்ட் பாத் நீங்கள் நினைத்தது அல்ல. டிப்ளாய்மென்ட் லாக்கில் முதல் எக்ஸெப்ஷனுக்குப் போங்கள், கடைசி எக்ஸெப்ஷனுக்கு அல்ல. சர்வ்லெட்டிடமிருந்து 405 (இந்த ஹெச்டிடிபி மெத்தடுக்கு அனுமதியில்லை) வந்தால் மேப்பிங் சரி. ரிக்வெஸ்ட் வந்து சேர்ந்துவிட்டது, அந்த கிளாஸில் டூகெட் அல்லது டூபோஸ்ட் எழுதப்படவில்லை, அல்லது மெத்தட் கையொப்பம் பிழையாக இருப்பதால் ஓவர்ரைட் ஆகவில்லை. மேலே @ஓவர்ரைட் போட்டுக் கம்பைல் செய்து பாருங்கள்.